நாலு நாள் லீவு, யாரோடு பழகுவது? குமுளி மலையில் நான்கு வழிகள்

என் அக்கா மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். போன வைகாசியில் ஒரு ராத்திரி போன் செய்து, "சித்தி, அஞ்சு வருசத்துல ஆறு மாநிலம் சுத்திட்டேன். போன் நெறைய போட்டோ இருக்கு. ஆனா அங்க பாத்த ஒரு ஆளு பேரு கூட ஞாபகத்துல இல்ல. இந்தத் தடவ எடம் பாக்க வரல. மனுசங்களோட பழகுற மாதிரி ஒரு வழி சொல்லு. நாலு நாள் லீவு எடுக்கலாம்" என்றாள்.

உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. ஒரு வாரம் யோசித்தேன். எங்கள் பக்கத்தில் இருக்கிற நான்கு வழிகளைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றையும் நான் பார்த்ததோடு வைத்துப் பார்த்தேன். அவள் மாதிரி கேட்பவர்கள் இப்போது நிறையப் பேர் இருப்பதால் இங்கே எழுதுகிறேன்.

நான் இருப்பது கேரள எல்லையில் இருக்கிற குமுளியில், ரோசாப்பூக்கண்டம் பக்கம். எங்கள் தெருவில் தமிழில் ஆரம்பித்த பேச்சு மலையாளத்தில் முடியும். பிறந்தது கீழே கம்பத்தில். அப்பா ஏலக்காட்டுக்கு ஜீப் ஓட்டினார். விடியுமுன் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாக வண்டன்மேட்டுப் பக்கம் போவார், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவார். கம்பம், கூடலூர், தேவாரம், போடி என்று தேனி மாவட்டத்து ஊர்களிலிருந்து இன்றைக்கும் அப்படித்தான் போகிறார்கள். நான் பதினெட்டு வருடமாக ஏலக்காய், மிளகு விற்கிற கடையில் கணக்கு எழுதுகிறேன். வேலைக்காக மலையேறுபவர்களையும் பார்க்கிறேன், சுற்றிப் பார்க்க வருபவர்களையும் பார்க்கிறேன். இரண்டு கூட்டமும் ஒரே ரோட்டில்தான் போகின்றன. ஒன்றோடு ஒன்று ஒரு வார்த்தை பேசி நான் பார்த்தது குறைவு. அந்த வருத்தமும் இந்தக் கட்டுரைக்குள் இருக்கிறது.

முதலில் ஒரு அளவுகோல் வேண்டும். அமெரிக்காவில் கான்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹால் 2018-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார். புதிதாக ஊர் மாறியவர்களிடமும் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களிடமும் கேட்டு எடுத்த கணக்கு அது. முகம் தெரிந்தவர் என்ற நிலையிலிருந்து சாதாரண நண்பராவதற்கு ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்து கழிய வேண்டுமாம். நண்பர் என்று சொல்லிக்கொள்ள 90 மணி நேரம். நெருங்கிய நண்பர் என்றால் 200 மணி நேரத்துக்கு மேல். அது அந்த ஊர்க் கணக்கு. நம் ஊரில் ஒரு ராத்திரி ரயில் பயணத்திலேயே "கல்யாணத்துக்கு வந்துடுங்க" வரைக்கும் போய்விடும். அப்படிப் பேசியவர்கள் அடுத்த மாதம் போன் செய்துகொள்கிறார்களா என்று பார்த்தால் ஹால் சொல்வதில் விஷயம் இருப்பது புரியும். அதனால் ஒவ்வொரு வழிக்கும் நான் கேட்டுக்கொண்ட முதல் கேள்வி, அதில் ஒரே ஆளோடு எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்பது. இரண்டாவது கேள்வி, திரும்பப் போனால் அதே ஆள் அங்கே இருப்பாரா.

முதல் வழி: சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவி மலை

வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் கண்ணகி கோட்டத்துக்குப் போகலாம். பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள், இரண்டு மாநில எல்லையில் இருக்கிற கோவில். இடுக்கி, தேனி இரண்டு மாவட்ட நிர்வாகமும் கூடிப் பேசி ஏற்பாடு செய்வார்கள். குமுளியிலிருந்து ஜீப்பில் போகலாம். தமிழ்நாட்டுப் பக்கம் பளியன்குடியிலிருந்து நடந்தால் ஆறு கிலோமீட்டருக்கு மேல் ஏற்றம். பிளாஸ்டிக் கொண்டுபோகக் கூடாது. பொழுது சாயுமுன் எல்லோரும் இறங்கிவிட வேண்டும்.

நான் நான்கு தடவை போயிருக்கிறேன், இரண்டு தடவை பளியன்குடி வழியாக நடந்தே. ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது தெரியாதவர் கை கொடுப்பார், தண்ணீர் கொடுப்பார், "இன்னும் கொஞ்சந்தாம்மா" என்று பொய் சொல்லித் தைரியம் கொடுப்பார். உத்தமபாளையத்து வயசாளி ஒருவர் அவர் அம்மாவைத் தோளில் தூக்கிப் போன கதையைச் சொல்லிக்கொண்டே என்னோடு பாதி மலை ஏறினார். மேலே போனதும் வரிசையில் பிரிந்துவிட்டோம். அப்புறம் அவரைப் பார்க்கவே இல்லை.

அங்கே கிடைப்பது பெரிய விஷயம்தான். எல்லைக்கு அந்தப் பக்கத்தவரும் இந்தப் பக்கத்தவரும் ஒரே தாயைக் கும்பிட ஒரே வெயிலில் நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் கண் கலங்கும். ஆனால் அக்கா மகள் கேட்டது இது இல்லை. கூட்டத்தில் வருகிற அன்பு கூட்டத்தோடு இறங்கிவிடும். ஒரே ஆளோடு அதிகபட்சம் ஐந்தாறு மணி நேரம் கிடைக்கும். மறுபடி பார்க்க ஒரு வருடம் காத்திருக்க வேண்டும், பார்ப்போம் என்ற உறுதியும் இல்லை. ஏற்கெனவே நெருங்கியவர்கள் சேர்ந்து போவதற்கு இதைவிட நல்ல நாள் கிடையாது. புதிதாக ஆள் தேடி வருபவருக்கு இதை நான் முதல் வழியாகச் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது: ஹோம்ஸ்டே

குமுளியில் தடுக்கி விழுந்தால் ஹோம்ஸ்டே. கேரளச் சுற்றுலாத் துறை ஹோம்ஸ்டேக்களை டைமண்ட், கோல்டு, சில்வர் என்று தரம் பிரித்துச் சான்று கொடுக்கிறது. வீட்டுக்காரர் குடும்பம் அந்த வீட்டிலேயே வசிக்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. உள்ளூர் மக்களுக்கும் சுற்றுலாவில் வருமானம் சேர வேண்டும் என்று பொறுப்புச் சுற்றுலாத் திட்டத்தைக் கேரளம் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட நான்கு இடங்களில் குமுளியை ஒட்டிய தேக்கடியும் ஒன்று. மற்றவை குமரகம், கோவளம், வயநாடு.

ஏட்டில் இருப்பது போலவே நடக்கிற வீடுகளும் உண்டு, பெயருக்கு மட்டும் ஹோம்ஸ்டே என்று இருப்பவையும் உண்டு. நானும் என் கணவரும் வேறொரு மலையூரில் இரண்டு நாள் தங்கினோம். வீட்டு முதலாளி வெளிநாட்டில். வேலைக்கு இருந்த பையன் சாவியைக் கொடுத்துவிட்டு, சாப்பாட்டுக்கு ஒரு போன் நம்பரையும் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். இரண்டு நாளும் வாசலில் உட்கார்ந்து நாங்கள் இருவரும் எங்களையே பார்த்துக்கொண்டோம். அந்தப் பையனைக் குறை சொல்லி என்ன செய்ய, அவனுக்குப் பார்க்க ஐந்து வீடு.

அதிலிருந்து ஒன்று கற்றுக்கொண்டேன். முன்பதிவுக்கு முன்னால் போனில் மூன்று கேள்வி கேட்டுவிட வேண்டும். வீட்டுக்காரங்க அங்கேயே இருக்காங்களா? சமைக்கிறது யாரு? ராத்திரிச் சாப்பாடு எல்லோரும் சேர்ந்தா, தனியாவா? மூன்றாவது கேள்விக்கு எதிர்முனையில் சிரிப்புச் சத்தம் வந்து, "நீங்க எப்பிடி வேணும்னாலும்" என்று பதில் வந்தால் நல்ல வீடு. "ரூமுக்குக் கொண்டு வந்து தந்துடுவோம் மேடம்" என்றால் அது லாட்ஜ்தான்.

நல்ல வீடே கிடைத்தாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். காலைக் காப்பிக்கு அரை மணி நேரம், ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம். மூன்று நாளுக்கு ஐந்து மணி நேரம் தேறலாம். மீதி நேரம் நீங்கள் படகு, யானை, வியூபாயிண்ட் என்று வெளியே போய்விடுவீர்கள். அந்த வீட்டம்மாவுக்கும் துணி துவைக்க, அடுத்த ஆளுக்குப் படுக்கை விரிக்க வேலை இருக்கும். அப்புறம் காசு கொடுத்துத் தங்குகிற இடத்தில் ஒரு தயக்கம் இரண்டு பக்கமும் இருக்கும். அவர் சிரிப்பது வாடிக்கையாளருக்கா நமக்கா என்று நமக்குத் தெரியாது. அவருக்கே சில சமயம் தெரியாது. அது கரைய இரண்டாவது தடவை போக வேண்டியிருக்கும்.

மூன்றாவது: காட்டு நடை

இதைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் உண்டு. முன்பு இந்தப் பெரியாற்றுக் காட்டுக்குள் திருட்டுத்தனமாகப் புகுந்து வயணை என்கிற காட்டு லவங்கப் பட்டை உரித்தவர்களும் வேட்டையாடியவர்களும் இருந்தார்கள். 1990-களின் கடைசியில் வனத்துறை அவர்களைக் கூப்பிட்டுப் பேசி, வழக்குக்குப் பதிலாக வேலை கொடுத்தது. காட்டின் ஒவ்வொரு தடமும் அறிந்தவர்கள் காவலர்களாகவும் வழிகாட்டிகளாகவும் ஆனார்கள். இரவு காட்டில் தங்கி நடக்கிற டைகர் டிரெயில் அப்படி வந்ததுதான். மன்னான், பளியர் சமூகத்தவரும் வழிகாட்டிகளாக இருக்கிறார்கள். மன்னான் மக்கள் மதுரைப் பக்கமிருந்து மலையேறியவர்கள் என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருவது. கட்டப்பனைக்குப் பக்கத்தில் கோவில்மலையில் அவர்களுக்கு இன்றும் ராஜா உண்டு. அவர்கள் பேசுவதைக் கேட்டால் கம்பத்துக் காதுக்குப் பாதிக்கு மேல் புரியும். பெண்களும் சும்மா இல்லை. 2002-லிருந்து வசந்த சேனை என்று குழுவாகச் சேர்ந்து, சம்பளம் வாங்காமல் காட்டைச் சுற்றிக் காவல் போகிறார்கள்.

நடையில் ஒரு வசதி, முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியதில்லை. முன்னும் பின்னுமாக நடக்கும்போது கூச்சம் இருக்காது. பேசாமல் ஒரு மணி நேரம் போனாலும் தப்பாகத் தெரியாது. எங்கள் கடைக்கு வந்த மதுரை வாத்தியார் ஒருவர், வீட்டில் யாரோடும் பேசாதவர், இரண்டு நாள் நடந்துவிட்டு வந்து வழிகாட்டியின் மகள் படிப்பைப் பற்றி என்னிடம் அரை மணி நேரம் பேசினார். இரண்டு நாளில் ஒரே ஆளோடு இருபது மணி நேரம் கிடைக்கும். ஹால் சொன்ன ஐம்பதில் ஏறக்குறையப் பாதிக் கிணறு தாண்டியாச்சு.

குறை என்னவென்றால் வழிகாட்டிகளுக்கு முறை உண்டு. அடுத்த தடவை நீங்கள் வரும்போது அவருக்கு வேறு கூட்டம் இருக்கும். காட்டுக்கு வெளியே அவரைப் பார்க்க வேண்டும் என்றால் நீங்களாகக் கேட்டு, அவராக விரும்பி வீட்டுக்குக் கூப்பிட்டால்தான் உண்டு. கூச்ச சுபாவமுள்ளவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

நான்காவது: ஏலக்காடு

இதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் வேண்டும். முன்பின் தெரியாமல் தோட்டத்துக்குள் நுழைவதும், தொழிலாளர் குடியிருக்கிற லயத்து வாசலில் நின்று போட்டோ எடுப்பதும் வேண்டாம். அது அவர்கள் வீடு. எங்களுக்கு அந்தத் தெரிந்தவர் ஒரு மலையாளக்கார அக்கா, சேச்சி என்றுதான் கூப்பிடுவோம். வண்டன்மேட்டுப் பக்கம் சின்னத் தோட்டம், வீடும் தோட்டத்துக்குள்ளேயே. என் அம்மா அங்கே காய் எடுக்கப் போனவர், அப்பா ஜீப் அங்கேதான் நிற்கும்.

ஏலக்காய் தண்டின் உச்சியில் காய்ப்பதாக நிறையப் பேர் நினைக்கிறார்கள். செடி ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும், ஆனால் காய் அடியில், தரையோடு தரையாகச் சரம் விட்டிருக்கும். குத்தவைத்து உட்கார்ந்து, சருகை விலக்கி, சரத்தில் விளைந்த காயை மட்டும் விரலால் திருகி எடுக்க வேண்டும். பிஞ்சு கையோடு வந்துவிட்டால் தோட்டக்காரருக்கு நஷ்டம். ஒரு தடவை எடுத்த செடிக்குத் திரும்ப வர ஒன்றரை மாதம் ஆகும். எடுப்பு ஆடி, ஆவணியில் ஆரம்பித்து தை, மாசி வரைக்கும் ஓடும். மழைக் காலத்தில் சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, காலில் அட்டைக்குப் பயந்து உப்பும் புகையிலையும் தேய்த்துக்கொண்டு உட்காருவார்கள்.

கை வேலை செய்யும், வாய் சும்மா இருக்கும். அதனால் பேச்சு ஓயாது. யார் வீட்டில் மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், எந்தச் சங்கத்தில் கடன் கிடைக்கும், மகனுக்குப் பெண் பார்த்தது என்று ஒரு சரத்துக்கும் அடுத்த சரத்துக்கும் நடுவே முழு வாழ்க்கையும் வந்துபோகும். வேலையிடத்தில் சேர்ந்து கழிகிற மணி நேரம் நட்புக்கு அவ்வளவாக உதவுவதில்லை என்று அதே ஹால் சொல்கிறார். ஆபீசில் ஆளுக்கொரு திரையைப் பார்த்து உட்கார்ந்திருப்பதற்கு அது சரியாக இருக்கும். ஏலக்காட்டுக்கு அது பொருந்தாது என்று நான் உறுதியாகச் சொல்வேன். என் அம்மாவின் நெருங்கிய சினேகிதிகள் நான்கு பேரும் காய் எடுத்த இடத்தில் கிடைத்தவர்கள்.

மதியம் தூக்குவாளியைத் திறக்கிற நேரம் ஒன்று இருக்கிறதே, அதை அக்கா மகள் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. வட்டமாக உட்காருவார்கள். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "என்ன வெஞ்சனம்?" ஒருத்தர் கத்தரிக்காய், ஒருத்தர் கருவாடு, ஒருத்தர் வெறும் ஊறுகாய். ஊறுகாய் கொண்டுவந்தவர் தூக்குவாளியில்தான் கடைசியில் எல்லா வெஞ்சனமும் இருக்கும். சேச்சி வீட்டுக்குள்ளிருந்து வேகவைத்த மரவள்ளிக் கப்பையும் காந்தாரி மிளகாய்த் துவையலும் கொண்டுவந்து நடுவில் வைப்பார். புதிதாக வருபவர் அந்த வட்டத்தில் உட்கார்ந்து தன் டப்பாவைத் திறந்தால் போதும். யாரும் அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை.

ஒன்றை மறக்கக் கூடாது. எடுத்த காயின் எடைக்கும் கூலிக்கும் தொடர்பு உண்டு. நம்மோடு பேச அவர்கள் கை நின்றால் அவர்களுக்குத்தான் நஷ்டம். பக்கத்தில் உட்கார்ந்து நாமும் எடுக்க வேண்டும், நாம் எடுத்ததை அவர்கள் கூடையில் போட வேண்டும். சீசன் இல்லாத மாதத்தில் வருபவர்கள் இதே மாதிரி ஒன்றை மூணாறு தாண்டி இருக்கிற மறையூரில் தேடலாம். அங்கே கரும்பாலை வருடம் முழுக்க ஓடும். சாறு கொப்பரையில் கொதிக்கும், அடுப்புக்குக் காய்ந்த சக்கை. பாகு இறுகியதும் சூட்டோடு கையால் உருண்டை பிடிப்பார்கள். 2019-ல் மறையூர் சர்க்கரைக்கு, அதாவது இந்த வெல்லத்துக்கு, புவிசார் குறியீடு கிடைத்தது. ஆலைக்காரரிடம் கேட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்தால், கொஞ்ச நேரத்தில் உங்கள் கையிலும் ஒரு உருண்டைப் பாகு வந்துவிடும். நான் அங்கே ஒரு தடவைதான் போனேன், அதனால் அதற்கு மேல் சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

சேச்சியைப் பற்றி

நான்காவது வழியை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்குக் காரணம் 2011 டிசம்பர். முல்லைப் பெரியாறு விவகாரம் முற்றி, எல்லை வழிகள் அடைபட்டன. இரண்டு பக்கமும் கூட்டம், போலீஸ், கல். தோட்டத்தில் தங்கி வேலை பார்த்தவர்கள் பயந்து காட்டு வழியாக இறங்கி ஊர் வந்து சேர்ந்தார்கள். கீழே கடை வைத்திருந்த மலையாளிகளும் அதே பயத்தோடு இருந்தார்கள். 1886-ல் குத்தகை எழுதி 1895-ல் கட்டி முடித்த அணை. அதன் தண்ணீரில்தான் கம்பம் பள்ளத்தாக்கு விளைகிறது. அணைக்குக் கீழே குடியிருப்பவர்களுக்கு உயிர்ப் பயம். இரண்டு பேர் கவலையும் உண்மையானது. அந்த நேரத்தில் யாரும் யார் பேச்சையும் கேட்கிற நிலையில் இல்லை.

அப்பா அன்றைக்கு ஜீப்பைச் சேச்சி வீட்டில் விட்டுவிட்டு, பெண்களோடு நடந்து இறங்கிவிட்டார். தமிழ்நாட்டு நம்பர் போட்ட வண்டி. ரோட்டில் நின்றால் என்ன ஆகியிருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். சேச்சியும் அவர் வீட்டுக்காரரும் அதை ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோருக்குப் பின்னால் தள்ளிக்கொண்டுபோய், தார்ப்பாய் போட்டு, மேலே பலா மரத்துக் கிளையை வெட்டிப் போட்டு மூடிவைத்தார்கள். கேட்டவர்களிடம் பழைய விறகு என்று சொன்னார்களாம். தினமும் காலையில் சேச்சி தார்ப்பாய்க்குள் புகுந்து ஐந்து நிமிடம் வண்டியை ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார், பேட்டரி இறங்கிவிடக் கூடாது என்று. அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சாவி போடுகிறது எப்படி என்று போனில் அப்பாவிடம் கேட்டுக் கற்றுக்கொண்டார். வழி திறந்த பிறகு அப்பா மேலே போனபோது ஒரே சாவியில் வண்டி கிளம்பியது. அம்மாவுக்குப் பாக்கியிருந்த கூலியை ஒரு காகிதத்தில் கணக்கெழுதி, பணத்தோடு சீட்டுக்கு அடியில் வைத்திருந்தார் சேச்சி.

அப்பா அந்த வீட்டுக்குப் பன்னிரண்டு வருடம் போய் வந்திருந்தார். எந்த நாளில் அந்த ஐம்பதாவது மணி நேரம் தாண்டியது, எந்த நாளில் இருநூறு தாண்டியது என்று யாருக்குத் தெரியும்? பஸ்ஸிலும் ஜீப்பிலும் அவர் செய்தது பயணம் என்று அவருக்கே தோன்றியிருக்காது.

ஆக, எதைத் தேர்ந்தெடுப்பது?

அக்கா மகளுக்கு நான் சொன்ன முதல் விஷயம் இடத்தைப் பற்றியது இல்லை, லீவைப் பற்றியது. நாலு நாளையும் ஒரே மூச்சில் போடாதே. ஆவணியில் ஒரு இரண்டு நாள், தையில் ஒரு இரண்டு நாள் என்று பிரித்துக்கொள் என்றேன். அவளுக்கு இது பிடிக்கவில்லை. "வர்ற போற நேரமே ரெண்டு மடங்கு ஆகும் சித்தி, டிக்கெட்டும் ரெண்டு செலவு" என்றாள். அது நியாயம்தான். சென்னையிலிருந்து குமுளிக்கு ஒரு முழு ராத்திரி பஸ். ஆனாலும் நான் விடவில்லை. முதல் தடவை போகிறவரை எல்லோரும் உபசரிப்பார்கள். இரண்டாவது தடவை போகிறவரிடம்தான் "அன்னிக்கு உன் ஆபீஸ்ல ஏதோ பிரச்சினைன்னியே, என்னாச்சு?" என்று கேட்பார்கள். நடுவில் இருக்கிற ஐந்து மாதமும் வீணாவதில்லை. ஒரு போன், ஒரு பண்டிகை வாழ்த்து, ஒரு போட்டோ என்று நூல் ஓடிக்கொண்டே இருக்கும். திரும்ப வருவாள் என்று அவர்களுக்கும் தெரிந்திருந்தால் அவர்கள் பேசுகிற விதமே வேறு.

அடுத்து அவள் பயந்தது பேச்சுக்கு. "எனக்கு மலையாளம் தெரியாது, தெரியாதவங்ககிட்ட என்னத்தப் பேச?" நான் அவளுக்கு இன்னொரு ஆய்வைச் சொன்னேன். 2014-ல் சிகாகோவில் நிக்கோலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் என்ற இருவர் வேலைக்குப் போகும் ரயில் பயணிகளில் சிலரைப் பக்கத்து சீட்டுக்காரரிடம் பேசச் சொன்னார்கள், சிலரைப் பேசாமல் வரச் சொன்னார்கள். பேசாமல் இருப்பதுதான் சுகம் என்று ஜனங்கள் முன்கூட்டியே நினைத்தார்கள். ஆனால் பேசியவர்கள்தான் பயணம் நன்றாக இருந்தது என்றார்கள். மலையாளத்துக்கு எங்கள் பக்கத்தில் யாரும் பயப்பட வேண்டாம். ஊர்ப் பெயரைச் சொன்னாலே பேச்சு ஆரம்பித்துவிடும். நமக்குப் பட்டி என்றால் ஊர், அவர்களுக்கு நாய். ஆண்டிபட்டி, புதுப்பட்டி என்று சொல்லிப் பாருங்கள். நமக்கு வெள்ளம் என்றால் ஊரே மூழ்கும், அவர்கள் குடிக்கக் கேட்பார்கள். அந்தச் சிரிப்பில் பாதித் தயக்கம் போய்விடும்.

அவளுக்கு நான் சொன்னது நான்காவது வழி. தெரிந்த சேச்சி இருக்கும்போது வேறு எதற்கு? தெரிந்தவர் யாரும் இல்லாமல் வருபவராக இருந்தால், வீட்டுக்காரர் குடியிருக்கிற ஹோம்ஸ்டேயில் இரண்டு நாள் தங்கி, வியூபாயிண்ட்டுகளைக் குறைத்து, இரண்டு நாளும் ஒரே டீக்கடைக்கு ஒரே நேரத்துக்குப் போகச் சொல்வேன். இரண்டாம் நாளே "கட்டனா, பாலா?" என்று கேட்காமல் டீ வரும். பெண் தனியாக வருகிறாள் என்றால் முதல் தடவைக்குக் காட்டு நடையைவிட இது நிம்மதி. பேசுவதற்கே சிரமப்படுபவர் நடைக்கே போகலாம். அம்மா அப்பாவோடு வருபவர்கள் சித்ரா பௌர்ணமிக்கு வரட்டும், புது ஆள் யாரும் கிடைக்காவிட்டாலும் வீட்டு ஆட்களே கொஞ்சம் நெருங்கி வருவார்கள்.

எதையாவது வாங்கிக்கொண்டு போவது பற்றியும் கேட்டாள். பெரிய சாமான் வேண்டாம் என்றேன். விலை கூடிய பொருளைக் கொடுத்தால் திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்ற பாரம் அவர்கள் தலையில் ஏறிவிடும். தின்கிற பொருளாக இருந்தால் அன்றைக்கே பங்கு போட்டுத் தீர்ந்துவிடும். போட்டோ எடுத்தால் பிரிண்ட் போட்டு அனுப்பு என்றேன். எங்கள் தோட்டத்துப் பெண்களைப் படம் எடுத்துக்கொண்டு போனவர்கள் எத்தனையோ பேர். அந்தப் படங்களில் ஒன்றுகூட அவர்கள் வீட்டுச் சுவரில் இல்லை.

அவள் ஆவணியில் வந்தாள். முதல் நாள் அட்டை கடித்து அழுதாள். இரண்டாம் நாள் காலையில் ஜீப்பில் யார் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று அவளுக்காக இரண்டு பேர் இடம் பிடித்து வைத்திருந்தார்கள். மதியம் அவள் டப்பாவில் தக்காளிச் சாதம் மட்டும்தான் இருந்தது. திரும்பி வரும்போது டப்பாவில் கருவாட்டு வாசம் அடித்தது. சென்னைக்குப் போய் இறங்கியதும் ஏழு போட்டோவைப் பிரிண்ட் போட்டு, ஒவ்வொன்றின் பின்னாலும் பெயர் எழுதி எனக்குக் கூரியரில் அனுப்பினாள். நான்தான் மேலே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

தைப் பொங்கல் கழிந்து வருவதாக டிக்கெட் போட்டிருக்கிறாள். நேற்று சேச்சி எனக்குப் போன் செய்தார். "மோள் வரும்போது கம்பத்துல எறங்கி ரெண்டு கிலோ பன்னீர் திராட்சை வாங்கிட்டு வரச் சொல்லு. போன தடவை வெறுங்கையோட வந்துட்டா" என்றார்.